பின்னாடி டிஃப்புக்கு என்ன போடலாம்? லாக்கர், எல்எஸ்டி பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஆஃப்ரோடு வண்டி வச்சிருக்கிறவங்க எல்லாரும் ஒரு கட்டத்துல இந்தக் குழப்பத்துல வந்து நிப்பாங்க. டயர் மாத்தியாச்சு, சஸ்பென்ஷன் தூக்கியாச்சு, ஆனா ஒரு பள்ளத்துல குறுக்கா இறங்கினா வண்டி அங்கேயே நின்னு ஒத்த சக்கரத்தை மட்டும் சுத்திக்கிட்டு இருக்கு. பின் ஆக்சில்ல இருக்கிற டிஃப்புக்கு (டிஃபரன்ஷியல், வளைவுல ரெண்டு பக்க சக்கரமும் வேற வேற வேகத்துல சுத்த விடுற கியர் செட்) என்ன பண்றதுன்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க, அதுல பாதிப் பேரு அவங்க வண்டில என்ன இருக்கோ அதுதான் பெஸ்ட்னு சொல்றவங்க. அதனால திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை எல்லாம் ஒரே இடத்துல போட்டிருக்கேன்.

ஃபோர் வீல் போட்ட பிறகும் வண்டி ஏன் நகர மாட்டேங்குது?

ஏன்னா ஃபோர் வீல் டிரைவ்னா நாலு சக்கரமும் இழுக்கும்னு அர்த்தம் இல்ல. முன்னாடி பின்னாடி ரெண்டு ஆக்சிலுக்கும் பவர் போகும், அவ்வளவுதான். ஆக்சிலுக்குள்ள ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல இருக்கிற டிஃப் ஓப்பன் டிஃப்பா (லாக் எதுவும் இல்லாத சாதா வகை) இருந்தா கிரிப் இல்லாத சக்கரம்தான் எஜமான்.

"கிரிப் இல்லாத பக்கம் எல்லா பவரும் போயிடும்"னு சொல்றதைக் கேட்டிருப்பீங்க, அது பாதிதான் சரி. ஓப்பன் டிஃப் ரெண்டு பக்கமும் எப்பவும் ஒரே அளவு டார்க்தான் (சுத்துற விசை) கொடுக்கும். அந்தரத்துல தொங்குற சக்கரத்தை சுத்த வைக்க எவ்வளவு டார்க் வேணும்? கிட்டத்தட்ட ஒண்ணுமே வேணாம். அதே "ஒண்ணுமே இல்லாத" அளவுதான் தரைல நல்லா உக்காந்திருக்கிற இன்னொரு சக்கரத்துக்கும் கிடைக்கும். குறுக்குப் பள்ளத்துல முன்னாடி ஒரு சக்கரமும் பின்னாடி எதிர்ப்பக்க சக்கரமும் தூக்கிட்டா ரெண்டு ஆக்சிலும் ஒரே நேரத்துல காலி. என்ன ஆக்சிலரேட்டர் மிதிச்சாலும் புகைதான் வரும்.

சரி, என்னென்ன வகை இருக்கு?

எல்எஸ்டின்னா லிமிடெட் ஸ்லிப் டிஃப், ஒரு சக்கரம் மட்டும் தனியா சுத்துறதைக் கட்டுப்படுத்தும்; லாக்கர்னா ரெண்டு சக்கரத்தையும் ஒண்ணா சேர்த்துப் பூட்டிடும். பெருசா பாத்தா அஞ்சு ஆறு. கிளச் பிளேட் வச்ச எல்எஸ்டி, ஃபுல்லா கியரால ஆன எல்எஸ்டி (டார்சன், ட்ரூட்ராக் மாதிரி), தானா லாக் ஆகுற ஆட்டோ லாக்கர் (டெட்ராய்ட் லாக்கர், அப்புறம் லஞ்ச்பாக்ஸ்னு சொல்ற சின்ன வகை), சக்கரம் ஸ்லிப் ஆனா மட்டும் லாக் ஆகுற ஈட்டன் மெக்கானிக்கல் லாக்கர், ஸ்விட்ச் போட்டா லாக் ஆகுறது (ஏஆர்பி ஏர் லாக்கர், ஈ-லாக்கர், டொயோட்டா, ஜீப் ரூபிகான்ல கம்பெனிலயே வர்றது), கடைசியா ஸ்பூல் (ரெண்டு சக்கரத்தையும் எப்பவும் ஒண்ணா பூட்டி வைக்கிற சாமான்) இல்லாட்டி வெல்ட் அடிச்ச டிஃப். இது எதுவுமே இல்லாம பிரேக்கை வச்சு சமாளிக்கிற டிராக்ஷன் கண்ட்ரோலும் இருக்கு. ஒவ்வொண்ணையும் கீழ பாக்கலாம்.

பழைய வண்டி வாங்கிருக்கேன். பின்னாடி உள்ள என்ன இருக்குன்னு கழட்டாம எப்படி தெரிஞ்சுக்கிறது?

முன் சக்கரத்துக்கு நல்லா கட்டை வச்சு, பின்னாடி ரெண்டு சக்கரமும் தரைல படாத மாதிரி ஸ்டாண்டுல ஏத்துங்க, கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் ரிலீஸ். இப்போ ஒரு சக்கரத்தைக் கையால சுத்துங்க. எதிர்ப்பக்கம் இருக்கிறது உல்ட்டாவா சுத்துச்சுன்னா ஓப்பன். ரெண்டும் ஒரே பக்கம் சுத்துச்சுன்னா உள்ள கிளச் எல்எஸ்டியோ ஆட்டோ லாக்கரோ ஸ்பூலோ ஏதோ ஒண்ணு இருக்கு.

இதுல ஒரு பிடி இருக்கு. கியர் டைப் எல்எஸ்டி, ஈட்டன் மெக்கானிக்கல் லாக்கர், ஆஃப்ல இருக்கிற ஏர் லாக்கர் எல்லாம் இந்த டெஸ்ட்டுல ஓப்பன் மாதிரியேதான் காட்டும். தேஞ்சு போன கிளச் எல்எஸ்டியும் அப்படித்தான். அதனால உல்ட்டாவா சுத்துச்சுன்னு சொல்லி முடிவு பண்ணிடாதீங்க, பின் கவரைக் கழட்டி ஒரு லைட் அடிச்சுப் பாத்தா சந்தேகமே இருக்காது, எப்படியும் பழைய வண்டின்னா ஆயில் மாத்தணும்தானே.

இன்னொண்ணு, இது விளையாட்டில்ல: லாக்கரோ எல்எஸ்டியோ இருக்கிற வண்டில ஒரே ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கில தூக்கி வச்சுட்டு இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி கியர் போடாதீங்க. தரைல இருக்கிற சக்கரம் இழுத்து வண்டி ஜாக்கில இருந்து குதிச்சு ஓடிடும்.

கிளச் எல்எஸ்டி போதாதா? ரோட்டுலயும் நல்லா இருக்கும்னு சொல்றாங்களே

ரோட்டுல, சரளைல, மழைல ஈரமான மண் ரோட்டுல, ஓரளவு பனில நல்லாத்தான் இருக்கும். சக்கரம் தரைல இருக்கிற வரைக்கும் அது வேலை செய்யும். உள்ள ஸ்பிரிங் கிளச் பிளேட்டை அழுத்தி வச்சிருக்கும், மேல லோடு ஏற ஏற உள்ள கியர்கள் விலகப் பாத்து இன்னும் அழுத்தும். ஆனா ஒரு சக்கரம் முழுசா மேல தூக்கிட்டா அந்தப் பக்கம் லோடே இல்ல, அப்போ மிச்சம் இருக்கிறது அந்த ஸ்பிரிங்கோட அழுத்தம் மட்டும்தான், ரெண்டு டன் வண்டியைப் பாறை மேல ஏத்த அது பத்தாது.

அதுக்கு மேல, பிளேட் தேயும். தேயுறது ஒரே நாள்ல தெரியாது, கொஞ்சம் கொஞ்சமா ஓப்பன் டிஃப்பா மாறிக்கிட்டே போகும். கழட்டி புது பிளேட் போட்டா சரியாகும்னாலும் எத்தனை பேரு போடுறாங்க. என் கருத்து, உங்க வண்டில கம்பெனியே குடுத்திருந்தா வச்சுக்கோங்க, ஆஃப்ரோடுக்குன்னு காசு குடுத்து புதுசா வாங்கி மாட்ட வேண்டிய சாமான் இல்ல இது.

டார்சன், ட்ரூட்ராக் மாதிரி கியர் டைப்?

இது நல்ல சாமான், ஆனா எங்க நிக்கும்னு தெரிஞ்சு வாங்கணும். உள்ள பிளேட் கிடையாது, சாய்வா வெட்டின கியர்கள் ஒண்ணோட ஒண்ணு, ஹவுசிங்கோட உரசி லாக் ஆகப் பாக்கும். தேய்மானம் ரொம்பக் கம்மி, சத்தம் இல்ல, ஸ்பெஷல் ஆயில் வேணாம், வளைவுல வண்டி இழுக்காது, ஏபிஎஸ், இஎஸ்பி எதுவும் குழம்பாது.

கிரிப் கம்மியா இருக்கிற பக்கம் எவ்வளவு டார்க் தாங்குதோ அதை மாதிரி ரெண்டரை மூணு மடங்கு அடுத்த பக்கத்துக்கு அனுப்பும், டிசைனைப் பொறுத்து இன்னும் கொஞ்சம் மேல. இந்தப் பெருக்கல்தான் பிரச்சினையும். ஒரு சக்கரம் காத்துல தொங்கினா அந்தப் பக்கம் சைபர், சைபரை மூணால பெருக்கினாலும் சைபர்தான்.

இதுக்கு ஒரு வழி இருக்கு. இடது காலால பிரேக்கை லேசா அழுத்திக்கிட்டே ஆக்சிலரேட்டர் குடுத்தா தொங்குற சக்கரத்துக்கு ஒரு எதிர்ப்பு கிடைக்கும், அந்த எதிர்ப்பைப் பெருக்கி அடுத்த பக்கம் தள்ளும். அமெரிக்க ராணுவத்தோட ஹம்வீல இந்த வகை டிஃப்தான், அதை ஓட்டுறவங்களுக்கு இந்த பிரேக் டெக்னிக்கை சொல்லியே குடுப்பாங்க. ஆட்டோமேட்டிக் வண்டில சுலபம், மேனுவல்ல மூணு பெடலுக்கு ரெண்டு கால், கஷ்டம்தான்.

ஹேண்ட் பிரேக்கை ரெண்டு கிளிக் இழுத்தா ஓப்பன் டிஃப்பே எல்எஸ்டி ஆயிடும்னு ஒருத்தர் சொன்னாரு, உண்மையா?

கொஞ்சம் உண்மை. ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்துல வேலை செய்யுற வண்டின்னா சுத்துற சக்கரத்தைப் பிடிச்சு அடுத்த பக்கம் கொஞ்சம் டார்க் வரவைக்கலாம், ஆனா நல்ல சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்குதுல்ல, அதனால சின்னக் குழிக்கு உதவும், பெரிய ஏத்தத்துக்கு உதவாது. பழைய டிஃபெண்டர் மாதிரி ஹேண்ட் பிரேக் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சிலுக்குப் பவரைப் பிரிக்கிற பெட்டி) பின்னாடி ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டைப் (ஆக்சிலுக்குப் பவர் கொண்டு போற தண்டு) பிடிக்கிற வண்டில இது வேலைக்கே ஆகாது, அங்க இழுத்தா ஆக்சில் ரெண்டு பக்கமும் சேர்ந்துதான் நிக்கும்.

வண்டில பிரேக் டிராக்ஷன் கண்ட்ரோல் இருக்கு. அப்புறம் எதுக்கு லாக்கர்?

நியாயமான கேள்வி. இப்போ வர்ற சிஸ்டம் எல்லாம் நிஜமாவே நல்லா வேலை செய்யுது. டொயோட்டாவோட ஏ-ட்ராக், ஜிம்னில வர்ற பிரேக் எல்எஸ்டி எல்லாம் சுத்துற சக்கரத்தை மட்டும் பிரேக் போட்டுப் பிடிச்சு அடுத்த பக்கம் டார்க்கைத் தள்ளும். முன் ஆக்சில், பின் ஆக்சில் ரெண்டுலயும் வேலை செய்யும், ஸ்டீயரிங் கனக்காது, தனியா எதுவும் மாட்ட வேணாம்.

ஆனா ரெண்டு விஷயம். ஒண்ணு, சக்கரம் ஸ்லிப் ஆன பிறகுதான் அதுக்கு விஷயமே தெரியும். சகதிலயும் மணல்லயும் அந்த அரை செகண்ட் சுத்தல்ல சக்கரம் குழி தோண்டிடும். ரெண்டாவது, இன்ஜின் பிரேக்கோட சண்டை போட்டுக்கிட்டே வண்டியையும் தள்ளணும், சின்ன இன்ஜின்னா திணறும், நீளமான ஏத்தத்துல பிரேக் சூடாகி சிஸ்டம் தானா ஆஃப் ஆகுறதும் உண்டு. நிறைய பேரு தப்பு பண்றது எங்கன்னா, கட கடன்னு சத்தம் வந்ததும் பயந்து காலை எடுத்துடுவாங்க. எடுக்கக் கூடாது, ஆக்சிலரேட்டரை ஒரே சீரா பிடிச்சிருந்தா ஒண்ணு ரெண்டு செகண்ட்ல வண்டி நகர ஆரம்பிக்கும். லாக்கர் வாங்குறதுக்கு முன்னாடி இதை ஒழுங்கா ஓட்டிப் பாருங்க, உங்க தேவைக்கு இதுவே பத்தினாலும் பத்திடும்.

டெட்ராய்ட் லாக்கர் மாதிரி ஆட்டோ லாக்கர் போட்டு தினமும் ஓட்ட முடியுமா?

முடியும், நிறைய பேரு ஓட்டுறாங்க. ஆனா வண்டியோட குணம் மாறிடும், அதுக்கு நீங்க பழகணும்.

இது ஓப்பன்ல இருந்து லாக் ஆகுற சாமான் இல்ல, எப்பவும் லாக்ல இருந்து தேவைப்பட்டா விடுற சாமான். வளைவுல வெளிப்பக்க சக்கரம் வேகமா போகணும்ல, அப்போ அந்தப் பக்கம் மட்டும் பல்லு விட்டு ஃப்ரீயா ஓடும், இழுக்கிறது முழுக்க உள்பக்க சக்கரம். பார்க்கிங்ல மெதுவா திரும்பினா டிக் டிக்னு சத்தம் கேக்கும், அது நார்மல். சில சமயம் டமார்னு ஒரு சத்தம் வரும், பக்கத்துல இருக்கிறவங்க திரும்பிப் பாப்பாங்க, அதுவும் நார்மல்தான். வளைவு நடுவுல ஆக்சிலரேட்டரைப் பட்டுனு விட்டாலோ கொடுத்தாலோ வண்டி ஒரு பக்கமா லேசா நகரும், நீள வண்டில இது பெருசா தெரியாது, சின்ன வீல்பேஸ், மேனுவல் கியர் வண்டில நல்லாவே தெரியும். மழைல வளைவு நடுவுல மிதிச்சா உள்பக்க சக்கரம் வழுக்கி உடனே ரெண்டும் லாக் ஆகி பின்பக்கம் வெளிய போகப் பாக்கும். தெரிஞ்சு ஓட்டுறவங்களுக்கு பிரச்சினை இல்ல, வீட்டுல வேற யாராவது அந்த வண்டியை எடுப்பாங்கன்னா யோசிங்க.

டயர் ரெண்டு பக்கமும் ஒரே சைஸ், ஒரே தேய்மானம், ஒரே காத்து இருக்கணும். ஒரு பக்கம் புது டயர் ஒரு பக்கம் பழசுன்னு போட்டா நேர் ரோட்டுலயே அது சும்மா இருக்காது. ஸ்டெப்னி போட்டாலும் அதே கதைதான்.

பிளஸ் என்னன்னா, வயர் இல்ல, பைப் இல்ல, ஸ்விட்ச் இல்ல, காட்டுக்குள்ள ஃபெயில் ஆக எதுவுமே இல்ல, இரும்புக்கு இரும்பு. பாறை ஏர்றவங்க இதை விடாம வச்சிருக்கிறதுக்குக் காரணம் அதுதான்.

லஞ்ச்பாக்ஸ் லாக்கர்னா? அது மட்டும் ஏன் சல்லிசா இருக்கு?

அதே தத்துவம்தான், ஆனா முழு கேரியரா (டிஃப் கியர்களைத் தாங்குற கூடு) வராது. உங்க ஓப்பன் டிஃப் கேரியருக்குள்ள இருக்கிற சின்ன கியர்களை மட்டும் எடுத்துட்டு அந்த இடத்துல இதை வைக்கணும். கிரவுன்-பினியன் (ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டோட சுத்தலை ஆக்சிலுக்குத் திருப்புற பெரிய, சின்ன கியர் ஜோடி) செட்டிங்கைத் தொடவே வேணாம், அதனால வீட்டுலயே மாட்டிடலாம், ஒரு முழு நாள் வேலை. வச்ச பிறகு ரெண்டு பாதிக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியை ஃபீலர் கேஜ் வச்சு அளந்து கூட வர்ற பேப்பர்ல சொன்ன அளவுக்குள்ள இருக்கான்னு பாக்கணும், இதை மட்டும் தாண்டிப் போயிடாதீங்க.

ஆனா பலம் உங்க பழைய கேரியரோட பலம்தான். சின்ன டயர், லேசான வண்டின்னா ஓகே, 35 இன்ச் டயர் போட்டு பாறைல ஏறுவேன்னா கேரியரே பிளந்துடும்.

ஈட்டன் மெக்கானிக்கல் லாக்கர் (மஹிந்திரா தார் சில வேரியண்ட்ல வர்றது) எப்படி?

இது ஒரு புத்திசாலி டிசைன். ஜெனரல் மோட்டர்ஸ் பிக்கப்ல 1973ல இருந்து ஜி80ங்கிற பேர்ல வருது. சாதாரணமா ஓப்பன் மாதிரி ஓடும். ரெண்டு பக்க சக்கரத்துக்கும் சுமார் 100 ஆர்பிஎம் வித்தியாசம் வந்தா உள்ள ஒரு சின்ன எடைக்கட்டு விரிஞ்சு மாட்டி, கிளச் பிளேட்டை இறுக்கி முழுசா லாக் பண்ணிடும். சுமார் 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல லாக் ஆக விடாது, அதனால ரோட்டுல பயம் இல்ல.

ஓட்டுறவங்க எதுவும் பண்ண வேணாம்ங்கிறது பெரிய வசதி. குறை என்னன்னா, முதல்ல சக்கரம் சுத்தணும், அப்புறம் டக்குனு ஒரு அடி அடிச்சு லாக் ஆகும், பாறைல அங்குலம் அங்குலமா ஏறும்போது அந்தத் திடீர் அடி ஆக்சிலுக்கு நல்லதில்ல. அதனால சக்கரம் வழுக்க ஆரம்பிச்சா முழுசா மிதிச்சு வேகமா சுத்த விடாதீங்க, லேசா சீரா குடுங்க, லாக் ஆகுற அடி மென்மையா இருக்கும். லோடை விட்டு மறுபடி குடுத்தா லாக் விட்டு மறுபடி பிடிக்கும், அதுவும் தெரிஞ்சு வச்சுக்கோங்க.

ஸ்விட்ச் போடுற லாக்கர் வாங்க முடிவு பண்ணிட்டேன். ஏரா, எலக்ட்ரிக்கா?

நல்ல முடிவு. வண்டி நாள்ல பெரும்பகுதி ரோட்டுல ஓடுது, கஷ்டமான இடம் வர்றது கொஞ்ச நேரம், அந்தக் கொஞ்ச நேரத்துக்கு நூறு சதவீதம் லாக், மிச்ச நேரம் சாதா ஓப்பன் டிஃப், இதுக்கு மேல என்ன வேணும். ரோட்டுக்கும் காட்டுக்கும் ஒரே வண்டி வச்சிருக்கிறவங்களுக்கு நான் கண்ணை மூடிக்கிட்டு சொல்றது இதைத்தான்.

ஏர் லாக்கர்: ஏஆர்பிங்கிற ஆஸ்திரேலியக் கம்பெனி 1987ல ராபர்ட்ஸ் டிஃப் லாக்கோட உரிமையை வாங்கி வளர்த்தது. பலமான கேரியர், 100 பிஎஸ்ஐ பக்கத்துல காத்து போனதும் உள்ள பல்லு மாட்டிக்கும், விட்டா ஸ்பிரிங் தள்ளி விட்டுடும், வேகமா மாட்டும் வேகமா விடும். கம்ப்ரஸரையே டயருக்குக் காத்தடிக்கவும் வச்சுக்கலாம், டயர்ல காத்தை இறக்கி ஓட்டுறவங்களுக்கு இது சும்மா கிடைச்ச மாதிரி. தலைவலி பைப்பும் ஓ-ரிங்கும். ஒரு குச்சி பைப்பைக் கிழிச்சா லாக்கர் இல்ல. லாக்கரை விடும்போது சாலினாய்டு வால்வோட (கரண்ட்ல திறந்து மூடுற வால்வு) காத்து வெளிய வர்ற இடத்துல கியர் ஆயில் தெறிச்சா, உள்ள சீல் ஹவுசிங்ல ஓ-ரிங் போயிடுச்சுன்னு அர்த்தம், டிஃப்பைக் கழட்டணும். பைப்பைப் போடும்போதே சைலன்சர் பக்கம் போகாம, ஆக்சில் முழுசா தொங்கினாலும் இழுபடாத அளவு நீளம் விட்டு, பிரேக் லைன் போற வழியிலயே கட்டிட்டா பாதித் தொல்லை வராது.

எலக்ட்ரிக்: ஒரே வயர், ஒரே ரிலே. கம்ப்ரஸர் வாங்கப் போறதில்லைன்னா இது சிம்பிள். சில டிசைன்ல காந்தம் இழுத்து மாட்டுறதுக்கு சக்கரம் கொஞ்சம் சுத்தணும், முன்னாடி பின்னாடி போகும்போது அது ஒரு கணம் விட்டுப் பிடிக்கும், பாறைல முன்ன பின்ன ஆட்டி ஏத்தும்போது அது எரிச்சலா இருக்கும். டொயோட்டா கம்பெனி லாக்கர்ல மோட்டார் வச்சு தள்ளுவாங்க, ரொம்ப நாள் பயன்படுத்தாம விட்டா அந்த மோட்டார் துருப்பிடிச்சு இறுகிடும், மாசம் ஒரு தடவை மண் தரைல போட்டு எடுத்தாலே போதும்.

எதா இருந்தாலும் தடைக்கு முன்னாடியே போடுங்க. சக்கரம் படு வேகமா சுத்திக்கிட்டு இருக்கும்போது ஸ்விட்சைத் தட்டினா உள்ள பல்லு போயிடும்.

வெல்ட் அடிச்சு விட்டா என்ன?

டிரெய்லர்ல ஏத்திக் கொண்டு போய் பாறைல மட்டும் ஓட்டுற வண்டிக்கு அடிங்க. ரோட்டுல ஓட்டுற வண்டிக்கு வேணாம், ஒவ்வொரு வளைவுலயும் டயர் தேயும், ஆக்சில் முறுக்கும், மழைல வண்டி நேரா போகும். வெல்ட் விட்டுப் போனா அந்தத் துண்டு கிரவுன்-பினியனுக்கு நடுவுல போய் ஹவுசிங்கையே உடைக்கும். அப்படியே போடணும்னா முழு ஸ்பூல் வாங்கிப் போடுங்க.

லாக்கர் போட்டா ஆக்சில் உடையும்னு பயமுறுத்துறாங்க

பயமுறுத்தல் இல்ல, கணக்கு. 300 நியூட்டன் மீட்டர் இன்ஜின், ஃபர்ஸ்ட் கியர் 4, லோ ரேஞ்ச் (மெதுவா, பலமா இழுக்கிற கியர்) 2.5, டிஃப் ரேஷியோ 4.1னு வச்சுக்கோங்க. பெருக்கிப் பாத்தா 12,300 நியூட்டன் மீட்டர் வருது. முன் ஆக்சிலுக்கு கிரிப் இல்லாம, பின்னாடியும் ஒரு சக்கரம் தொங்கிக்கிட்டு இருந்தா, லாக் பண்ணின வண்டில இது கிட்டத்தட்ட மொத்தமும் ஒத்த ஆக்சில் ஷாஃப்ட் மேல வரப் பாக்கும். ஓப்பன் டிஃப்ல ஒரு ஷாஃப்ட் மேல பின் ஆக்சிலுக்கு வர்றதுல பாதிக்கு மேல எப்பவும் வராது. வழக்கமா அதுக்குள்ள டயர் வழுக்கிடும், ஆனா டயர் பெருசாகி, காத்தையும் இறக்கி, பாறை இடுக்குல மாட்டியிருந்தா வழுக்க வழி இல்ல, அப்போ உடையுறது ஷாஃப்ட்தான்.

செமி ஃப்ளோட்டிங் ஆக்சில்ல ஷாஃப்ட்டுதான் சக்கரத்தையும் தாங்குது, உள்ள சி-கிளிப் (ஷாஃப்ட்டை டிஃப்புக்குள்ள பிடிச்சு வைக்கிற சின்ன கிளிப்) வச்ச டைப்னா ஷாஃப்ட் உடைஞ்சா சக்கரமே வெளிய வந்துடலாம். ஃபுல் ஃப்ளோட்டிங்ல ஷாஃப்ட் உடைஞ்சாலும் சக்கரம் ஹப்ல நிக்கும், உடைஞ்சதை உருவிட்டு முன் ஆக்சில்ல வீடு வரைக்கும் வரலாம். ஜீப்ல வர்ற டானா 35 மாதிரி மெலிசான ஆக்சில்ல பெரிய டயரும் லாக்கரும் சேர்ந்து போட்டா பணம் தண்ணில போட்ட மாதிரி, முதல்ல ஆக்சிலைப் பாருங்க.

பின் சஸ்பென்ஷன் இண்டிபெண்டண்டா இருந்தா சக்கரம் சீக்கிரம் தூக்கும், அதனால லாக்கரோட பலன் அங்க அதிகம், ஆனா சிவி ஜாயிண்ட் (ஷாஃப்ட் மடங்கிக்கிட்டே சுத்துற இணைப்பு) நொந்து போகும். ஸ்டீயரிங் நேரா வச்சு மெதுவா ஏறுங்க.

முன்னாடி போடுறதா பின்னாடி போடுறதா, ஒண்ணுதான் வாங்க முடியும்னா?

பின்னாடி. ஏத்தத்துல வெயிட் எல்லாம் பின்னாடி வருது, நீங்க மாட்டுறதும் பெரும்பாலும் ஏத்தத்துலதான். முன்னாடி லாக் பண்ணினா ஸ்டீயரிங் கல்லு மாதிரி ஆகிடும், முன் ஜாயிண்ட் மேல லோடு ஏறும். ரூபிகான்லயும் முதல்ல பின்னாடி மட்டும், அப்புறம்தான் ரெண்டும்னு ஸ்விட்ச் வச்சிருக்காங்க. சில சின்ன வீல்பேஸ் வண்டில பின் ஆக்சில் ஏற்கனவே எல்எஸ்டியா இருந்து முன்னாடி ஸ்விட்ச் போடுற லாக்கர் வைக்கிறவங்க உண்டு, அது தப்பில்ல.

ஃபுல் டைம் ஃபோர் வீல் வண்டி. பின்னாடி லாக்கர் போட்டா போதுமா?

நடுவுல இருக்கிற சென்டர் டிஃப்பை லாக் பண்ண முடியுதான்னு முதல்ல பாருங்க. அது ஓப்பனா இருந்தா முன்னாடி ஒரு சக்கரம் வழுக்கினாலே எல்லாம் அங்கயே போயிடும், பின்னாடி லாக்கர் சும்மா உக்காந்திருக்கும். சென்டர் முதல்ல, பின் டிஃப் அப்புறம்.

சரிவுல பக்கவாட்டா போகும்போது லாக்கரைப் போடணுமா?

ஈரமான சரிவு, பனி, வழுக்குற களிமண்ணுன்னா போடாதீங்க, இதை யாருமே சொல்றதில்ல. ஓப்பன் டிஃப்ல ஒரு சக்கரம் சுத்தினாலும் இன்னொண்ணு சுத்தாம தரையைப் பிடிச்சு வண்டி பக்கவாட்டுல சறுக்காம நிக்க வைக்கும். லாக் பண்ணினா ரெண்டும் சேர்ந்து சுத்தும், சுத்துற டயருக்குப் பக்கவாட்டுப் பிடி இல்ல, பின்பக்கம் அப்படியே கீழ இறங்கும். ஆட்டோ லாக்கர் வச்சிருக்கிறவங்களுக்கு ஆஃப் பண்ற வழியே இல்லாததால ஆக்சிலரேட்டரை முட்டை மேல கால் வச்ச மாதிரி மிதிக்கணும்.

ஆர்டர் போடும்போது என்ன நம்பர் எல்லாம் தெரியணும்?

ஆக்சில் மாடல், ரேஷியோ, ஸ்ப்ளைன் (ஷாஃப்ட் நுனில இருக்கிற பல்லு) எண்ணிக்கை, பியரிங் சைஸ். ரேஷியோ தெரியலன்னா கவரைக் கழட்டி கிரவுன்ல இருக்கிற பல்லை பினியன் பல்லால வகுங்க, 41ஐ 11ஆல வகுத்தா 3.73, 37ஐ 9ஆல வகுத்தா 4.11. கிரவுன் ஓரத்துலயே பொறிச்சிருப்பாங்க, துடைச்சுப் பாருங்க.

இதுல மாட்டிக்கிறது கேரியர் பிரேக்குனு (வண்டி பிரேக் இல்ல, எந்த ரேஷியோல கேரியரே மாறணும்ங்கிற எல்லை) ஒரு விஷயம். ரேஷியோ மாற மாற பினியன் தடிமன் மாறும், ஒரு அளவுக்கு மேல ஒரே கேரியர்ல கிரவுனை வச்சா பினியனை எட்டாது. டானா 44 ஆக்சில்ல 3.73ம் அதுக்குக் கீழயும் ஒரு கேரியர், 3.92ம் அதுக்கு மேலயும் வேற கேரியர். அதனால பின்னாடி பெரிய டயருக்குக் கியர் மாத்துற பிளான் இருந்தா லாக்கரையும் கியரையும் ஒண்ணா முடிவு பண்ணுங்க, இல்லாட்டி ரெண்டு தடவை லேபர் குடுத்து ரெண்டாவது லாக்கரும் வாங்குவீங்க.

நானே மாட்டலாமா?

லஞ்ச்பாக்ஸ்னா மாட்டலாம். முழு கேரியர் மாத்துறதுன்னா டயல் கேஜ், பிரஸ், ஷிம் (இடைவெளியைச் சரி பண்ற மெல்லிசு தகடு), எல்லாத்துக்கும் மேல பொறுமை வேணும். கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவுல பேக்லாஷ் (பல்லுக்குப் பல்லு இருக்கிற இடைவெளி) பொதுவா 0.15ல இருந்து 0.25 மில்லிமீட்டருக்குள்ள, உங்க ஆக்சிலோட மேனுவல் சொல்றதுதான் கடைசி வார்த்தை. அப்புறம் பல்லுல மஞ்ச பெயிண்ட் தடவி சுத்திப் பாக்கணும், அச்சு பல்லு நடுவுல முட்டை வடிவத்துல விழுந்தா சரி, உச்சியிலயோ அடியிலயோ ஒட்டி விழுந்தா பினியன் ஷிம் தப்பு. இந்த அச்சைப் பாக்காம பேக்லாஷ் மட்டும் பாத்து மூடிட்ட டிஃப் கொஞ்ச நாள்ல ஊளையிட ஆரம்பிக்கும். மெக்கானிக்கிட்ட குடுத்தாலும் மூடுறதுக்கு முன்னாடி அந்த அச்சை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, நல்ல ஆளு கோவிச்சுக்க மாட்டாரு.

புது கிரவுன்-பினியன் போட்டிருந்தா முதல்ல கொஞ்சம் மெதுவா ஓட்டி, இடையில ஆற விட்டு, 800 கிலோமீட்டர் பக்கத்துல ஆயிலை மாத்திடுங்க. இழுவை எதுவும் அதுக்குள்ள வேணாம்.

ஆயில் என்ன ஊத்துறது?

ஜிஎல்-5 கியர் ஆயில், கிரேடு மேனுவல்படி. கிளச் எல்எஸ்டிக்கு மட்டும் ஃப்ரிக்ஷன் மாடிஃபையர் (பிளேட் உரசலை மென்மையாக்குற ஆயில் கலவை) சேர்க்கணும், சேர்க்கலன்னா திரும்பும்போது கட கடன்னு நடுங்கும். சேர்த்துட்டு காலி இடத்துல எட்டு போட்டு மெதுவா ஓட்டினா பிளேட்டுக்குள்ள எண்ணெய் இறங்கும். கியர் டைப் எல்எஸ்டிக்கு அதை ஊத்தாதீங்க, அது உரசியே வேலை செய்யுறது, வழுக்க வச்சா பலன் குறையும். தண்ணில இறங்கி வந்தா பின் டிஃப் ஆயிலைக் கொஞ்சம் வடிச்சுப் பாருங்க, காபி நிறத்துல இருந்தா மொத்தமா மாத்தணும்.

லாக்கரை ஆஃப் பண்ணியும் டேஷ்ல லைட் அணைய மாட்டேங்குது, மாட்டிக்கிச்சா?

பெரும்பாலும் இல்ல. ரெண்டு ஷாஃப்ட்லயும் முறுக்கு நின்னு பல்லு ஒண்ணோட ஒண்ணு இறுகிக்கிட்டு இருக்கும். ஆக்சிலரேட்டரை விட்டு, மெதுவா போய்க்கிட்டே ஸ்டீயரிங்கை இடதும் வலதுமா லேசா ஆட்டுங்க, இல்ல ரெண்டடி ரிவர்ஸ் எடுங்க, டப்புனு விடும். மண் தரைலயே இதைப் பண்ணிடுங்க, தார் ரோட்டுக்கு வந்துட்டா முறுக்கு இன்னும் ஏறும். அப்பவும் அணையலன்னா ஆக்சில்ல இருக்கிற சின்ன சென்சர் ஸ்விட்ச்சோட கனெக்டரைக் கழட்டித் துடைச்சுப் பாருங்க, சேத்துல ஓடுற வண்டிக்கு அதுல தண்ணி போறது சகஜம்.